ராட்டின விளக்குகளுக்கு ஒரு வரவு செலவுக் கணக்கு

நவராத்திரிக்கு முன்பு பரணிலிருந்து பொம்மைப் பெட்டிகள் இறங்கும் நாளில், எங்கள் வீட்டில் முதலில் வெளியே வருவது தசாவதாரமும் அன்று, மரப்பாச்சியும் அன்று. ஓரம் கருகிய ஒரு பட்டுத் துண்டுதான். சில ஆண்டுகளுக்கு முன் கொலுப் படியில் விரித்திருந்த புடவையின் பகுதி அது. படிகளைச் சுற்றி ஓடவிட்டிருந்த சீரியல் விளக்கின் ஓர் இணைப்பு சூடாகி, புடவையின் ஓரத்தைப் பற்றத் தொடங்கியது. பாட்டிக்கு வாசனை தெரிந்து ஸ்விட்சை அணைத்ததால் உள்ளங்கையளவு துணியோடு போயிற்று. அந்தத் துண்டை அவர் கத்தரித்து, பொம்மைகளோடு சேர்த்துப் பத்திரப்படுத்திவிட்டார். அதன் பின் எங்கள் கொலுவில் மின்விளக்கு இல்லை. குத்துவிளக்கு மட்டும் படிகளுக்குத் தள்ளி எரியும்.

செகந்தராபாதின் பத்மாராவ் நகரில் பல தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. எங்களில் ஒருவர் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவர். மற்றவர் பள்ளி ஆசிரியை. மின்னணுவியல் இருவருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட நாங்கள், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளின் பிடிவாதத்தால், விளக்குகளோடு சுழலும் ஒரு ராட்சத ராட்டினத்தின் மாதிரியைச் செய்து, மின்விளக்கை மறுபடியும் கொலுவுக்குக் கொண்டுவந்தோம். அதில் நாங்கள் கற்றுக்கொண்டதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம்பள்ளியில் ஒரு மாலை

ஹைதராபாதில் வசிப்பவர்களுக்கு ஜனவரி பிறந்தால் நுமாயிஷ் பிறந்துவிடும். அகில இந்தியத் தொழிற் பொருட்காட்சி என்பது அதன் முழுப்பெயர். 1938-இல், ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் ஆட்சியின்போது, உஸ்மானியா பல்கலைக்கழகப் பட்டதாரிகள் சங்கத்தினர் பொதுத் தோட்டத்தில் இதைத் தொடங்கினர். ஹைதராபாத் அரசின் பொருளாதார நிலையை ஆராய ஒரு கணக்கெடுப்பு நடத்த வேண்டும், அதற்குப் பணம் திரட்ட வேண்டும் என்பதே அவர்களுடைய எண்ணம். சுமார் 50 கடைகள். கையிருப்போ இரண்டரை ரூபாய் என்று சொல்வார்கள். 1946-இல் நாம்பள்ளியில் இன்றுள்ள மைதானத்துக்கு மாறிய பொருட்காட்சி, வழக்கமாக ஜனவரி 1 முதல் பிப்ரவரி 15 வரை, 46 நாட்கள் நடக்கிறது. அதை நடத்தும் பொருட்காட்சிச் சங்கம், கிடைக்கும் வருவாயைக் கொண்டு கல்வி நிறுவனங்களைப் பேணி வருகிறது. பெண்களுக்கான கமலா நேரு பாலிடெக்னிக் அவற்றுள் ஒன்று. அது அந்த மைதானத்திலேயே அமைந்திருக்கிறது.

பாட்டி தம் இளமை முதல் ஆண்டு தவறாமல் நுமாயிஷுக்குச் சென்றவர். காஷ்மீரத்துச் சால்வைக் கடைகளை ஒரு சுற்று பார்த்துவிட்டு, ராட்டினத்தின் கீழே ஒரு பெஞ்சில் அமர்ந்து, அது சுழல்வதைப் பார்ப்பதில் அவருக்கு அலாதி மகிழ்ச்சி. ஒருமுறையும் ஏறியதில்லை. முழங்கால் வலி காரணமாகக் கடந்த ஜனவரியில் அவர் வரவில்லை. நாங்கள் மூவர் மட்டும் சென்றோம்.

இரவு எட்டு மணிக்கு ராட்டினத்தின் விளிம்பில் விளக்குகள் ஓடிக்கொண்டிருந்தன. மகள் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். திரும்பும் வழியில், "அந்த விளக்கெல்லாம் எப்படிப்பா ஓடுது? ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஸ்விட்ச் இருக்குமா?" என்று கேட்டாள். எங்களிடம் விடை இல்லை. வீட்டுக்கு வந்ததும் படத்தைப் பாட்டியிடம் காட்டினாள். அவர் இரண்டு முறை பார்த்துவிட்டு, "நேர்ல பார்க்கிற மாதிரி இல்லையே" என்றார். அன்றிரவே மகள் முடிவு செய்துவிட்டாள்: அவ்வாண்டுக் கொலுவில் ஒரு ராட்டினம் சுழலும்.

பாட்டி அந்தக் கருகிய துண்டை நினைவூட்டினார். 2019 ஜனவரி 30 அன்று இரவு நுமாயிஷில் மூண்ட தீயில் ஏராளமான கடைகள் எரிந்துபோனதும் வீட்டில் யாருக்கும் மறக்கவில்லை. ஆயினும் அவர் மறுக்கவில்லை. "விளக்கு வேண்டாம்னு சொல்லலை. சுடாத விளக்கா வைங்க" என்பதே அவர் இட்ட ஒரே நிபந்தனை.

உள்ளங்கைக்குள் ஒரு கணிப்பொறி

விளக்குகள் ஓடுவது போலத் தோன்றச் செய்வது பழைய வித்தை. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1893-இல் நடந்த உலகப் பொருட்காட்சிக்காக ஜார்ஜ் ஃபெரிஸ் என்ற பொறியாளர் 264 அடி உயர ராட்டினத்தை நிறுவினார். 36 பெட்டிகள், பெட்டிக்கு 60 பேர், ஒரே சமயத்தில் 2,160 பேர் அதில் அமரலாம். இன்று உலகெங்கும் சுழலும் ராட்சத ராட்டினங்களுக்கு அதுவே முன்னோடி. அக்காலத்திலேயே அது மின்விளக்குகளால் ஒளிர்ந்தது. விளக்குகளை வரிசையாக எரியவிட, மோட்டாரால் சுழலும் உருளையில் செப்புத் தகடுகளைப் பதித்து, அவை தொடும்போது ஒரு விளக்குக் கூட்டம் எரியவும் விலகும்போது அணையவும் செய்யும் முறை பின்னர் வழக்கத்துக்கு வந்தது. அந்த உருளையின் வேலையைத்தான் இன்று மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சில்லு செய்கிறது.

மைக்ரோகண்ட்ரோலர் என்பது ஒரே சில்லுக்குள் அடங்கிய சிறு கணிப்பொறி. கணக்கிடும் பகுதி, நினைவகம், வெளியுலகத்தோடு இணைக்கும் உலோகக் கால்கள் எல்லாம் அதனுள்ளேயே இருக்கும். துணி துவைக்கும் இயந்திரத்திலும் மின்னணு எடைத்தராசிலும் இருப்பது அதுவே. மகளின் பள்ளி ஆய்வகத்தில் இருந்த ஆர்டுயினோ ஊனோ என்னும் பலகையையே நாங்களும் தேர்ந்தெடுத்தோம். இத்தாலியின் இவ்ரேயா நகரிலுள்ள ஒரு வடிவமைப்புக் கல்வி நிலையத்தில் 2005-இல் ஆர்டுயினோ பிறந்தது. மின்னணுவியல் பயிலாத மாணவர்களும் கையாள வேண்டும் என்பதே அதன் நோக்கம். எங்களுக்காகவே செய்தது போல இருந்தது.

ஊனோ பலகையின் இதயமாக இருப்பது ஏடிமெகா 328பி என்னும் சில்லு. நாம் எழுதும் நிரலைச் சேமிக்க 32 கிலோபைட் இடம். வேலையின் நடுவே குறிப்பெடுத்துக்கொள்ள 2 கிலோபைட் இடம். கைப்பேசியில் எடுக்கும் ஒரு சாதாரணப் படத்தைக்கூட அதனுள் வைக்க முடியாது. ஆனால் விளக்கு ஓட அது தாராளமாகப் போதும். நிரலுக்கு இரண்டு பகுதிகள். மின்சாரம் வந்தவுடன் ஒரே ஒருமுறை செய்ய வேண்டியவை முதற்பகுதியில். அதன் பிறகு மின்சாரம் நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியவை இரண்டாம் பகுதியில். காலையில் வாசல் தெளிப்பது ஒருமுறை, அடுப்பங்கரை வேலை நாள் முழுதும் என்று பாட்டி அதைப் புரிந்துகொண்டார்.

பொருட்களை வாங்கக் கோட்டியிலுள்ள குஜராத்தி கல்லிக்குச் சென்றோம். மின்னணு உதிரிப் பாகங்களுக்கு ஹைதராபாதில் பெயர் பெற்ற சந்து அது. ஒரு ஆள் அகலக் கடைகளில் கூரை வரை சிறு சிறு இழுப்பறைகள். கேட்டதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருகிறார்கள். 24 எல்இடி விளக்குகள், மின்தடைகள், கம்பிகள், பலகை எல்லாம் ஒரே மணி நேரத்தில் கைக்கு வந்தன. நாற்பது சென்டிமீட்டர் குறுக்களவில் வெண்ணிற ஃபோம் போர்டில் சக்கரத்தை வெட்டினோம். தொட்டில்களுக்குத் தீப்பெட்டி, தொட்டிலில் அமர எடை குறைந்த மரத்தில் செதுக்கிய கொண்டபல்லிப் பொம்மைகள். விளிம்பில் ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் ஒவ்வொரு விளக்காகப் பதித்தோம்.

இரண்டு போதாது, மூன்று வேண்டும்

ஒவ்வொரு விளக்குக்கும் தனி ஸ்விட்ச் தேவையில்லை என்பதை மகள் தன் படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தாள். விளக்குகளை 1, 2, 3, 1, 2, 3 என்று வரிசையாக எண்ணிக்கொண்டு போக வேண்டும். ஒன்றாம் எண் விளக்குகள் எல்லாம் ஒரே கூட்டம். அவை சேர்ந்தே எரியும், சேர்ந்தே அணையும். அடுத்து இரண்டாம் கூட்டம். அதற்கடுத்து மூன்றாம் கூட்டம். 24 விளக்குகளை ஆட்டுவிக்க மூன்றே இணைப்புகள் போதும்.

இரண்டு கூட்டங்களாகப் பிரித்தால் இன்னும் எளிதல்லவா என்று கேட்டோம். செய்தும் பார்த்தோம். விளக்குகள் மாறி மாறி மினுக்கினவே தவிர ஓடவில்லை. காரணம் எளிது. எரியும் விளக்குக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் இருப்பவை ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை. ஒளி இடப்புறம் போயிற்றா, வலப்புறம் போயிற்றா என்று கண்ணால் தீர்மானிக்க இயலாது. மூன்றாம் கூட்டம் வந்ததும் ஒரு பக்கம் 2, மறுபக்கம் 3 என்று வேறுபாடு பிறக்கிறது, திசை பிறக்கிறது. உண்மையில் எந்த ஒளியும் ஓரடிகூட நகர்வதில்லை. ஒன்று அணைந்ததும் பக்கத்தில் ஒன்று எரிவதைக் கண்டு, இடம்பெயர்ந்தது என்று நம் மனமே முடிவு கட்டிக்கொள்கிறது. மாக்ஸ் வெர்த்தைமர் என்னும் உளவியலறிஞர் 1912-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தத் தோற்ற இயக்கத்தைப் பற்றியதே.

ஒரு காலுக்கு எவ்வளவு சுமை?

முதல் சோதனையிலேயே ஓர் இழப்பு நேர்ந்தது. ஒவ்வோர் எல்இடிக்கும் 220 ஓம் மின்தடை ஒன்றை இணைத்திருந்தோம். 5 வோல்ட்டில் சிவப்பு எல்இடி ஏறக்குறைய 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 3 வோல்ட்டை 220-ஆல் வகுத்தால் ஒரு விளக்குக்குச் சுமார் 14 மில்லி ஆம்பியர். இவ்வளவும் சரி. ஆனால் கூட்டத்துக்கு எட்டு விளக்குகள் என்பதையும், அவை எட்டையும் சில்லின் ஒரே காலில் மாட்டியிருக்கிறோம் என்பதையும் எவரும் கூட்டிப் பார்க்கவில்லை. எட்டுப் பதினாலு 112 மில்லி ஆம்பியர். சில்லின் ஒரு கால் சாதாரணமாகத் தரத்தக்கது 20. எவ்வகையிலும் தாண்டக் கூடாத எல்லை 40. மொத்தச் சில்லுக்கும் சேர்த்து எல்லை 200.

விளக்குகள் மங்கலாக எரிந்தன. பலகையைத் தொட்டபோது சுட்டது. இரண்டாம் கூட்டத்துக்கான கால் அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டது. கணக்கு எழுதிப் பிழைப்பவரின் வீட்டில் கூட்டல் பார்க்காததால் ஒரு பலகை போயிற்று என்று பாட்டி சொன்னதற்கு மறுமொழி இல்லை. "சுடாத விளக்கு" என்ற நிபந்தனை அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

மறுபடியும் கோட்டிக்குப் போனோம். எங்கள் கதையைக் கேட்ட கடைக்காரர் சிரிக்கவில்லை. மூன்று டிரான்சிஸ்டர்களை எடுத்து மேசைமேல் வைத்தார். டிரான்சிஸ்டர் ஒரு மதகு. சில்லின் கால் தர வேண்டியது மதகைத் திறக்கும் சிறு விசை மட்டுமே. விளக்குகளுக்கான பெருமளவு மின்சாரம் மின்வழங்கியிலிருந்து நேரே மதகு வழியாகப் பாயும். இடையில் 1,000 ஓம் மின்தடை வைத்தால் சில்லின் கால் தருவது நான்கு மில்லி ஆம்பியருக்குச் சற்று அதிகம். அதைக்கொண்டு 112 மில்லி ஆம்பியரைத் திறந்து மூடலாம். மேலாளர் கையெழுத்திடுகிறார், பணத்தைச் சுமப்பவர் வேறொருவர் என்று வங்கி வாசகர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள்.

அன்று முதல் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். இடப்பக்கம் 'தரக்கூடியது', வலப்பக்கம் 'கேட்பது'. எந்தக் கம்பியையும் மாட்டுமுன் அந்தக் கம்பிக்கு இரண்டு பக்கமும் எழுதியாக வேண்டும். வலப்பக்கம் இடப்பக்கத்தின் பாதியைத் தாண்டக் கூடாது என்பது மகள் வகுத்த விதி.

சுழலும் சக்கரத்துக்குள் மின்சாரம்

அடுத்த சிக்கல் கம்பியினுடையது. விளக்குகள் சக்கரத்தில், மின்சாரம் தரையில். சக்கரம் சுழலச் சுழலக் கம்பிகள் அச்சைச் சுற்றி முறுக்கிக்கொண்டன. பதினைந்தாவது சுற்றில் ஒன்று அறுந்தது. பெரிய ராட்டினங்களில் இதற்கு நழுவு வளையம் வைத்திருப்பார்கள். அச்சோடு சேர்ந்து சுழலும் உலோக வளையங்கள். அவற்றின்மேல் அசையாது அழுந்தி நிற்கும் தொடுமுனைகள். வளையம் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் தொடர்பு அறாது. கட்டை விரலளவில், ஆறு கம்பிகளோடு அதே சாதனம் சிறிதாகவும் கிடைக்கிறது. எங்களுக்குத் தேவை நான்கே: மூன்று கூட்டங்களுக்கு மூன்று, எல்லாவற்றுக்கும் பொதுவான நேர்மின் கம்பி ஒன்று. ஒவ்வொரு விளக்குக்கும் தனிக் கம்பி இழுத்திருந்தால் 25 தேவைப்பட்டிருக்கும். மூன்று கூட்டங்கள் என்ற சிக்கனம் இங்கே இரண்டாம் முறை உதவிற்று.

சக்கரத்தைச் சுழற்ற, நிமிடத்துக்குப் பத்துச் சுற்றுச் சுற்றும் கியர் மோட்டார். அதற்குத் தனி மின்வழங்கி. விளக்கின் கணக்கையும் மோட்டாரின் கணக்கையும் கலக்கவில்லை.

பாலும் கடிகாரமும்

நிரல் எழுதுவதில் மகள் முதலில் 'டிலே' என்னும் கட்டளையைப் பயன்படுத்தினாள். முதல் கூட்டத்தை எரி, கால் நொடி காத்திரு, அணை, அடுத்ததை எரி. விளக்குகள் நன்றாகவே ஓடின. பிறகு, விளக்குகள் ஓடும் முறையை மாற்ற ஒரு பொத்தான் வைத்தாள். அழுத்தினால் சில சமயம் மாறியது. பல சமயம் மாறவில்லை. காரணம், 'டிலே' கட்டளையின்போது சில்லு வேறெதையும் கவனிப்பதில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு, பொங்கும்வரை பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருப்பவரிடம் வாசல் மணி அடித்தால் என்ன பயன்?

தேர்ந்த சமையற்காரர் அப்படி நிற்பதில்லை. மணி பார்த்துவிட்டுக் காய் நறுக்குவார். அவ்வப்போது மணி பார்ப்பார். நேரம் ஆயிற்றென்றால் அடுப்பைக் கவனிப்பார். ஆர்டுயினோவில் அந்தக் கடிகாரத்துக்கு 'மில்லிஸ்' என்று பெயர். பலகைக்கு மின்சாரம் வந்தது முதல் எத்தனை மில்லி நொடிகள் கழிந்தன என்று அது சொல்லும். இப்போதைய நேரத்திலிருந்து கடைசியாக விளக்கு மாறிய நேரத்தைக் கழி. 250-க்கு மேல் வந்தால் அடுத்த கூட்டத்துக்கு மாற்று. இல்லையெனில் பொத்தானைப் பார்த்துவிட்டு மறுபடியும் வா. இவ்வளவே. அதன் பின் பொத்தானை எப்போது அழுத்தினாலும் ராட்டினம் உடனே கேட்டது.

அந்தக் கடிகாரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அது எழுதும் புத்தகத்தில் 429 கோடிச் சொச்சம் மில்லி நொடிகள்வரைதான் இடம். 49 நாட்கள் 17 மணி நேரத்தில் நிரம்பி, மறுபடியும் சுழியத்திலிருந்து தொடங்கும். கழித்தலை மேற்சொன்ன முறையில் எழுதினால் அந்தத் திருப்பத்திலும் பிழை வராது. எங்கள் கொலுவுக்கு ஒன்பது நாள். நுமாயிஷுக்கே 46 நாள்தான் என்று மகள் சொல்லிச் சிரித்தாள்.

ஓட மறுத்த ஒளி

கொலு வைத்த முதல் நாள் மாலை. மூன்றாம் படிக்குப் பக்கத்தில் சிறு பூங்கா, நடுவே ராட்டினம். தெலுங்கு அண்டை வீட்டார் 'பொம்மல கொலுவு' பார்க்க வந்துவிட்டார்கள். தெருவில் பதுகம்மாப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. பாட்டி நாற்காலியில் அமர்ந்தார். மேசைமேல் படுத்திருந்தபோதெல்லாம் ஒழுங்காக ஓடிய விளக்குகளுக்கு, சக்கரம் சுழலத் தொடங்கியதும் என்ன நேர்ந்ததோ தெரியவில்லை. தொட்டில்கள் சுற்றின, சக்கரம் சுற்றியது, ஒளி மட்டும் ஓடவில்லை. சற்று முன்னே போய், சட்டெனப் பின்வாங்கி, நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தது.

எங்களுக்குப் பதற்றம். இன்னொரு கால் போய்விட்டதோ? பலகையைத் தொட்டுப் பார்த்தோம்; சுடவில்லை. நிரலைத் திறந்து பார்த்தோம்; பிழையில்லை. வந்தவர்கள் நாகரிகமாகச் சுண்டலைப் பற்றிப் பேசினார்கள். மகள் மட்டும் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து, "பிழை இல்லைப்பா. கணக்கு ரொம்பச் சரியா இருக்கு, அதான் தப்பு" என்றாள்.

நிமிடத்துக்குப் பத்துச் சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு ஆறு நொடி. விளிம்பில் 24 விளக்குகள். ஆறை 24-ஆல் வகுத்தால் கால் நொடி. அதாவது, கால் நொடிக்கு ஒருமுறை சக்கரம் ஒரு விளக்கின் இடத்தளவு முன்னே நகர்கிறது. நிரலும் கால் நொடிக்கு ஒருமுறை ஒளியை ஒரு விளக்கு தள்ளுகிறது. ஆனால் சக்கரம் சுழலும் திசைக்கு எதிர்த்திசையில். மெட்ரோ நிலையத்தில் மேலேறும் நகரும் படியில், அதே வேகத்தில் கீழே இறங்கப் பார்ப்பவர் எங்கே போவார்? இருந்த இடத்திலேயே இருப்பார்.

திருத்தம் ஒரே வரி. 1, 2, 3 என்ற வரிசையை 3, 2, 1 என்று மாற்றினாள். கணிப்பொறியிலிருந்து பலகைக்கு நிரலை ஏற்றச் சில நொடிகளே ஆயின. இப்போது ஒளி சக்கரத்தின் திசையிலேயே, அதையும் முந்திக்கொண்டு ஓடிற்று. வந்தவர்கள் கைதட்டினார்கள். பாட்டி எழுந்து அருகில் சென்று, விளக்கொன்றின்மேல் விரலை வைத்தார், பிறகு பலகையின்மேல், பிறகு மின்வழங்கியின்மேல். மூன்றிலும் சிறிது நேரம் விரலை வைத்திருந்தார். ஒன்றும் சொல்லாமல் மறுபடியும் நாற்காலியில் வந்து அமர்ந்தார். அன்றிரவு விருந்தினர் சென்ற பின்னும் அரை மணி நேரம் அவர் அங்கேயே இருந்தார்.

கூட்டிப் பார்த்தபோது

இதைச் செய்து பார்க்க விரும்பும் வாசகர்களுக்காக எங்கள் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டுகிறோம். ஒரு சமயத்தில் எரியும் எட்டு விளக்குகளுக்கு 112 மில்லி ஆம்பியர். பலகைக்கு ஏறத்தாழ 50. எல்லா விளக்குகளும் ஒன்றாய் எரிந்தாலும் 24 விளக்குகளுக்கு 336-தான். நாங்கள் வைத்த மின்வழங்கி தரக்கூடியது 5 வோல்ட்டில் 2,000. மோட்டாரையும் சேர்த்து எல்லாம் ஐந்து வாட்டுக்குள் அடங்கின. நாளொன்றுக்கு நான்கு மணி நேரமாக ஒன்பது நாட்கள் ஓடியும் ஐந்தில் ஒரு யூனிட் மின்சாரத்தைத் தாண்டவில்லை. எரிந்துபோன பலகையையும் சேர்த்துச் செலவு இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்று அதிகம்.

சில எச்சரிக்கைகளையும் சொல்ல வேண்டும். வீட்டு மின்சாரமான 230 வோல்ட் சுவரிலுள்ள பிளக்கோடு நிற்கட்டும். கொலுப் படிக்கு வருவது 5 வோல்ட் மட்டுமே. மின்வழங்கியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஐஎஸ்ஐ அல்லது பிஐஎஸ் பதிவு முத்திரை உள்ளதையே வாங்குங்கள். அதைத் துணிக்கடியில் மறைக்காமல் காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். இணைப்புகளைக் கையால் முறுக்கி விட்டுவிடாமல் ஈயப்பற்று வைத்து, மேலே உறை போடுங்கள். எங்கள் புடவையைக் கருக்கியது அத்தகைய தளர்ந்த இணைப்பு ஒன்றுதான். குறைந்த வோல்ட் ஆனாலும் ஆளில்லாத அறையில் ஓடவிட வேண்டாம். உறங்கப் போகுமுன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

பத்தாம் நாள் பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டிகளில் வைத்தோம். ராட்டினத்தையும் தனியாகப் பிரித்து அடுக்கினோம். மின்சாரம் இல்லாமல் ஓராண்டு கிடந்தால் நிரல் மறந்துபோகாதா என்று பாட்டி கேட்டார். மறக்காது. ஏடிமெகா சில்லின் நிரல் நினைவகம் 25 டிகிரி வெப்பத்தில் நூறு ஆண்டுகள் எழுதியதைக் காக்கும் என்பது அதைத் தயாரித்தவர்கள் தரும் கணக்கு. எங்கள் பரணின் சித்திரை வெயிலில் நூறு கிடைக்குமா என்பது வேறு. மரப்பாச்சிகளுக்கு எங்கள் வீட்டில் ஏற்கெனவே நான்கு தலைமுறை வயது. சில்லு அவற்றோடு போட்டி போடட்டும்.

கருகிய பட்டுத் துண்டு இவ்வாண்டும் பெட்டிக்குள் போயிற்று. அதை இனி எடுத்துவிடலாமே என்றோம். பாட்டி மறுத்துவிட்டார். துண்டை நான்காய் மடித்து, மகளின் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டினார். அடுத்த நவராத்திரிக்குப் பெட்டியைத் திறக்கும்போது முதலில் வெளியே வரப்போவது அந்தக் கட்டுதான்.